அப்பாவின் 1983 சேத்தக்: வீட்டிலேயே புதுப்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

ஏரிக்கரையான் (அல்சூர், பெங்களூரு) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1983இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர், எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பதினொரு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி என்பதால், ஓட்டுவதை நிறுத்திய பிறகும் அதை விற்க அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. அவர் 2021இல் காலமானார். "ஓடுகிறதென்றால் வைத்துக்கொள், ஓடாதென்றால் இடத்தையாவது ஒழித்துக் கொடு" என்று அம்மா இப்போது கேட்கிறார். நான் அதை ஓட வைக்க விரும்புகிறேன். அதுவும் முடிந்தவரை என் கையாலேயே.

வண்டியின் நிலையைச் சொல்கிறேன். கிக்கரை மிதித்தால் இறங்குகிறது, ஆனால் மிகவும் இறுக்கமாக இருக்கிறது. பெட்ரோல் டேங்கைத் திறந்தால் பழைய வார்னிஷ் வாடை வருகிறது. கால் வைக்கும் தளத்தின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, பிரேக் பெடலுக்கு அருகே எட்டணா அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. அதன் ஓரத்தை ஸ்குரூ டிரைவரால் லேசாக அழுத்தினேன், அப்பளம்போல் உடைந்து கீழே தரை தெரிந்தது. உடல் முழுவதும் வெவ்வேறு காலத்தில் அடித்த இரண்டு மூன்று அடுக்குப் பெயின்ட் இருக்கிறது.

என்னிடம் இருப்பவை ஒரு ஸ்கூட்டரும் ஒரு பெஞ்சும் வைக்கும் அளவுக்கு இடம், ஒரு சாக்கெட் செட், ஞாயிற்றுக்கிழமைகள். வெல்டிங் தெரியாது. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், எல்.இ.டி. விளக்கு, 12 வோல்ட் மின்னமைப்பு, இரட்டை வண்ணம் என்று மனத்தில் பல ஆசைகள் உள்ளன. தெரிந்த மெக்கானிக் ஒருவர், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துப் பத்தே நாளில் தந்துவிடுவதாகச் சொல்கிறார். எந்த வேலையை முதலில் எடுப்பது? எதை நான் செய்யலாம், எதை வெளியே கொடுக்க வேண்டும்? பதிவுச் சான்றும் காலாவதியாகிவிட்டது. அதற்கு வழி உண்டா?

கைக்கியர் (காக்ஸ் டவுன்) – பதில்

தம்பி, அந்தப் பத்து நாள் பேச்சுக்கு வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டை விழுந்த தளத்தின்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் வரை பார்வைக்கு நன்றாக இருக்கும். பிறகு பெயின்டுக்கு அடியில் குமிழ் எழும்பும். அதைச் சுரண்டிப் பார்க்கும்போது துரு தளத்தோடு நிற்காமல் நடுமுதுகுவரை போயிருக்கும்.

சேத்தக், பியாஜியோ நிறுவனத்தின் வெஸ்பா ஸ்பிரின்ட் ஸ்கூட்டரின் வழியில் வந்த வண்டி. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் இதற்குத் தனியாக ஒரு சட்டம் கிடையாது. தகட்டை அழுத்திச் செய்த உடலே சட்டம். நீங்கள் கால் வைக்கும் தளமும், அதன் நடுவில் பெட்டிபோல் ஓடும் முதுகும், முன்னால் நிற்கும் கால்மறைப்பும் சேர்ந்துதான் முன்சக்கரம் வாங்கும் அடியையும் பின்னால் இருக்கும் எஞ்சினின் எடையையும் தாங்குகின்றன. லாம்பிரெட்டாவாக இருந்திருந்தால் உள்ளே குழாய்ச் சட்டம் இருக்கும். தகடு போனாலும் வண்டி நிற்கும். உங்கள் வண்டியில் தளம் போனால் முதுகெலும்பே போனதாகத்தான் பொருள். ஆகவே தகடு முதலில், எஞ்சின் இரண்டாவது, மின்சாரமும் கேபிள்களும் மூன்றாவது, வண்ணம் கடைசி. பெயின்டை முதலில் அடித்துவிட்டு வெல்டிங்குக்குப் போனவர்கள் இரண்டு முறை செலவு செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தகட்டு வேலைக்கு அனுப்புவதற்கு எஞ்சினை இறக்கியாக வேண்டும். இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. கிளட்ச், இரண்டு கியர் கேபிள்கள், பின் பிரேக், ஆக்சிலரேட்டர், சோக், பெட்ரோல் குழாய், ஒயர்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அதன் பிறகு மிஞ்சுவது முன்னால் ஊடுருவிப் போகும் ஒரு நீளமான போல்ட்டும், பின் ஷாக் அப்சார்பரின் போல்ட்டும்தான். இரண்டு பேர் இருந்தால் உடலைத் தூக்கிக்கொள்ளலாம். எஞ்சின் சக்கரத்தோடு அப்படியே தரையில் நிற்கும்.

கிக்கர் இறுக்கமாக இருக்கும்போது பலங்கொண்டு மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இருபது மி.லி. 2டி ஆயிலை (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) ஊற்றி, மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். தானாக இளகிக் கொடுத்தால் பிஸ்டன் ரிங்குகள் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. சிலிண்டரில் கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறையில் அதன் உட்புறத்தைச் சீராகக் குடைந்து பெரிதாக்க, அதாவது போர் செய்ய வேண்டியிருக்கும். அப்போது முதலில் அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரோடு பட்டறைக்குக் கொண்டுபோய், பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் செய்யச் சொல்லுங்கள். பலர் சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு பிஸ்டன் வாங்கப் போகிறார்கள், அது முறையன்று. தொழிற்சாலை அளவு 57 மி.மீ. விட்டம், 57 மி.மீ. ஓட்டம், 145.45 சிசி என்ற கணக்கு அதிலிருந்து வருவதுதான்.

ஃபிளைவீலைக் கழற்றும்போது பலரும் ஓர் இடத்தில் பயந்து நிறுத்திவிடுவார்கள். நட்டைத் தளர்த்தினால் முதலில் எளிதாகச் சுற்றும், பிறகு திடீரென்று மறுபடியும் இறுகும். மரை கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். நட்டு அதன் மேலிருக்கும் வளையத்தில் போய் முட்டுகிறது. தொடர்ந்து திருப்பினால் அந்த அழுத்தமே ஃபிளைவீலைக் கிராங்க் தண்டின் கூம்பு முனையிலிருந்து வெளியே இழுத்துவிடும். அந்த வளையம் தொலைந்துபோன வண்டிகளுக்குத்தான் தனியாகப் புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவி தேவைப்படும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஆயில் சீல்களைப் பற்றி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள் நுழைந்து, அங்கே அழுத்தம் பெற்ற பிறகுதான் மேலே போகிறது. அந்த அறையின் இரு பக்கமும் உள்ள சீல்கள் பதினொரு ஆண்டுகள் அசையாமல் நின்றால் காய்ந்து கட்டையாகிவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் புகை வரும். ஃபிளைவீல் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை வறண்டுபோகும். ஆக்சிலரேட்டரை மூடிய பிறகும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், சில நாளில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் புகை எதுவும் வராததால் அதுதான் அதிக ஆபத்தானது. நல்ல சீல்களாக வாங்கி, பேரிங்குகளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். எஞ்சின் பெட்டியின் இரண்டு பாதிகளைப் பிரிக்கும்போது இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது. இந்த எஞ்சினில் கிராங்கின் வட்டே வால்வாகவும் வேலை செய்வதால், உள்ளே ஒரு கீறல் விழுந்தாலும் ஸ்டார்ட் ஆவது சிரமமாகிவிடும். பெட்டியைத் திறந்திருக்கும்போதே, கியர்களைத் தண்டோடு பூட்டும் சிலுவை வடிவத் துண்டான கியர் கிராஸையும் பாருங்கள். அதன் நான்கு முனைகளின் ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தால் புதியது போடுங்கள்.

எல்லாம் மூடிய பிறகு கியர் ஆயில் 250 மி.லி. ஊற்றினால் போதும். பெட்ரோலுக்கு இரண்டு சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில். புதிதாகப் போர் செய்த எஞ்சினுக்கு முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை நான் 30 மி.லி. கலப்பேன், கொஞ்சம் புகைக்கும், பரவாயில்லை.

டேங்கின் உட்புறத் துருவுக்கு எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து நிரப்பி ஓர் இரவு வைத்து, மறுநாள் ஒரு கைப்பிடி அளவு நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நன்றாக வெயிலில் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுழற்றி வையுங்கள். தாமதித்தால் அன்று மாலையே மீண்டும் துரு ஏறும். பெட்ரோல் குழாயும் கார்புரேட்டரின் ரப்பர்களும் கட்டாயம் புதிதாக வேண்டும். 2023 பிப்ரவரியில் நம் பெங்களூரில்தான் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள். இன்று பங்க்கில் கிடைப்பது அதுவே. பழைய காலத்து ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும், எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். எனவே மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்துவிடுங்கள்.

பீனியா வெல்டர் – பதில்

மேலே சொன்னது அனைத்தும் சரி. தளத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்த வேலை கெட்டுத்தான் பல வண்டிகள் என்னிடம் வருகின்றன.

பழைய தளத்தை வெட்டி எடுப்பதற்கு முன்னால் கால்மறைப்பிலிருந்து சீட்டுக்கு அடியிலுள்ள உடல்வரை ஒரு குறுக்குக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் தளம் போன உடனே முன்பாகமும் பின்பாகமும் சில மில்லிமீட்டர் விலகும். புதுத் தளத்தைப் பொருத்திய பிறகு வண்டி எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். இந்தக் கம்பியை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங் வேண்டாம். மெல்லிய தகட்டில் அந்தச் சூடு பரவி நெளிவு விழும். சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங்கில் விட்டு விட்டுப் பற்றவைப்பவரைத் தேடுங்கள். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் புதுத் தகட்டில் சிறு துளைகள் போட்டு, அந்தத் துளைகளை நிரப்பிப் பற்றவைத்துத் தேய்த்தால் பழைய தோற்றம் வரும். ஆயத்தத் தளமும் விற்கிறார்கள். அதன் பள்ளங்களும் பெடல் துளையும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பழையதன்மேல் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். அதனால் பழைய தளத்தை வேலை முடியும்வரை தூக்கி எறியாதீர்கள்.

பெயின்டை உரிக்க மணல் பிளாஸ்டிங் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தளம், ஃபோர்க், ரிம் போன்றவற்றுக்குச் செய்யலாம். பக்க மூடிகளுக்கும் கால்மறைப்புக்கும் கூடாது. அகலமான மெல்லிய தகடு அந்த வேகத்தில் வளைந்துவிடும். அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவர் பூசிச் சுரண்டுவதுதான் நல்லது, அதை நீங்களே செய்யலாம்.

பதிவேடு (சிவாஜிநகர்) – பதில்

தகட்டில் கை வைப்பதற்கு முன்னால் தாள்களை எடுங்கள் என்பது என் கருத்து. வண்டி அப்பாவின் பெயரில் இருப்பதால் முதலில் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். அதன் பிறகு படிவம் 25இல் பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பம், வண்டியின் நேரடிச் சோதனை. புதுப்பித்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இருபது ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டு அறிவிக்கையின்படி 2,000 ரூபாய். தாமதக் கட்டணமும் கர்நாடகத்தின் பசுமை வரியும் தனி. காப்பீடும் புகைச் சான்றும் இல்லாமல் எதுவும் நகராது.

பழம்பெரும் வாகனம் என்ற தனிப்பிரிவில் சேர்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2021இல் வந்த அந்த விதி ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே. உங்கள் வண்டிக்கு 2033 வர வேண்டும். அன்றாடம் ஓட்ட விரும்புகிறவருக்கு அது பொருந்தவும் செய்யாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பெயின்ட் உரிக்கும்போதும் மணல் அடிக்கும்போதும் சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் தனியாக மூடி வைக்கச் சொல்லுங்கள். சோதனையின்போது அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். பட்டியும் பெயின்டும் ஏறி எண் மழுங்கிவிட்டால், திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். இன்றே ஒரு பென்சில் அச்சும் புகைப்படமும் எடுத்து வைத்துவிடுங்கள்.

வண்ணத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக், வேறு எஞ்சின் போன்றவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்கீழ் மாற்றங்களாகக் கருதப்படும். அனுமதியின்றிச் செய்தால் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள்.

இந்திராநகர் வாசகி – பதில்

உங்கள் ஆசைகளைப் பற்றி இதுவரை யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். என் மாமாவின் வண்டியை நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தேன். அதில் நான் வைத்துக்கொண்ட விதி, எதையும் போல்ட்டால் மாட்டலாம், ஆனால் வெட்டவோ புதுத் துளை போடவோ கூடாது என்பதுதான். அப்படிச் செய்தால் பழைய பாகத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

12 வோல்ட் மாற்றத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். பழைய 6 வோல்ட் விளக்கின் வெளிச்சத்தில் இன்றைய வெளிவட்டச் சாலையில் இரவில் போவது பாதுகாப்பன்று. பிற்கால எலக்ட்ரானிக் சேத்தக்கின் ஃபிளைவீல், ஸ்டேட்டர் பிளேட் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்கள் உள்ள தட்டு), சி.டி.ஐ. (மின்னணுத் தீப்பொறிப் பெட்டி), ரெகுலேட்டர் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக வாங்குங்கள். அந்த ஃபிளைவீல் உங்கள் கிராங்கின் கூம்பில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் கிராங்கைக் கையில் எடுத்துக்கொண்டே நான் ஐந்து கடை ஏறி இறங்கினேன். கழற்றிய பாயின்ட் பிளேட்டை (தீப்பொறிக்கான பழைய தொடுமுனைகள் உள்ள தட்டு) எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பாயின்டையே வைத்துக்கொள்ள முடிவு செய்தால் இடைவெளி 0.3இலிருந்து 0.5 மி.மீ.க்குள், பிளக்குக்கு 0.6 மி.மீ.

டிஸ்க் பிரேக் வேண்டாம். ஃபோர்க்கையே மாற்ற வேண்டும், தாள் பிரச்சினை வேறு. டிரம்மை லேத்தில் லேசாகச் சுத்தம் செய்து, புது ஷூ, புது கேபிள் போட்டாலே இந்த வேகத்துக்குப் போதுமான பிடிப்பு கிடைக்கிறது. டயர் மாற்றும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். இந்த ரிம் இரண்டு பாதிகளாகச் சேர்ந்தது. காற்றை முழுதும் இறக்காமல் பாதிகளை இணைக்கும் நட்டுகளைக் கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். காற்றை இறக்கி, வால்வின் உள் ஊசியையும் எடுத்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள்.

வண்ணத்துக்கு ஒரு யோசனை. பெட்ரோல் டேங்கைத் தூக்கியதும் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெயிலும் படாமல் பின்னால் அடித்த பெயின்டும் படாமல், தொழிற்சாலையில் அடித்த நிறம் அங்கே அப்படியே இருக்கக்கூடும். அதைப் பார்த்த பிறகு இரட்டை வண்ணத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள். எபாக்சி பிரைமர்வரை வேலையைப் பொறுமையாக வீட்டில் செய்யலாம். மேல்பூச்சான இரு பாகப் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்டை மட்டும் வீட்டில் ஸ்பிரே செய்யாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டின் வாசலில் அது கூடவே கூடாது.

ஏரிக்கரையான் – பதினோரு வாரங்களுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. பென்சில் அச்சை அன்றிரவே எடுத்தேன். பெயர் மாற்றம் முடிந்தது. புதுப்பிப்புக்கு வண்டியைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

தளத்தை வெட்டியபோது நடுமுதுகின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு தின்றிருந்தது. பட்டி பூசியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. குறுக்குக் கம்பியைப் பார்த்த பிறகே வெட்ட விட்டேன் ஐயா. கிளட்ச் பக்கத்துச் சீலை எடுத்தபோது அதன் உதடு பிளாஸ்டிக்போல் கடினமாகி, விரலால் வளைத்ததும் முறிந்தது. சிலிண்டரில் கோடுகள் இருந்ததால் போர் செய்து புதுப் பிஸ்டன் போட்டாயிற்று.

அக்கா சொன்னபடி டேங்கைப் புரட்டிப் பார்த்தேன். வெளிறிய பச்சை. வீட்டில் இருந்த ஒரே வண்ணப் புகைப்படத்தில் வண்டி சாம்பல் நிறமாகத்தான் இருக்கிறது. அதனால் அதன் உண்மையான நிறம் பச்சை என்பதே எனக்குத் தெரியாது. அம்மாவை அழைத்துக் காட்டியதும், "இந்த நிறத்தில்தான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப்போனார்" என்றார். இரட்டை வண்ணம் வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. டேங்கையே ஜே.சி. ரோட்டுப் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோய் நிறம் கலக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிரைமர் நிலையிலேயே எஞ்சினை மாட்டிப் பார்த்ததில் ஒன்பதாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. புகை அளவாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு குறை: தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தபோது இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கியர் கழன்று நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. கிராஸின் முனைகள் எனக்கு நன்றாகத் தெரிந்ததால் பழையதையே போட்டிருந்தேன். தவறு செய்துவிட்டேனா?

கைக்கியர் – பதில்

உடனே கிராஸைக் குற்றம் சொல்ல வேண்டாம் தம்பி. புதுக் கேபிள்கள் முதல் சில நாட்களில் இழுபட்டு நீளும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடியில் இரண்டாவது எண்ணைக் குறிக்கு நேராக வைத்து, அங்கிருந்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கை அசைந்தும் கீழே கேபிள் அசையாத அந்த வெற்றுத் தூரத்தை, எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டர்கள் இரண்டையும் திருப்பி எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் மற்றது தளர்ந்து கியர் பாதியில்தான் விழும். நியூட்ரலில் பின்சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, நான்கு கியரும் குறிக்கு நேராக விழுகின்றனவா என்று பார்த்துவிட்டு, மேட்டில் இரண்டாம் கியரில் முறுக்கிப் பாருங்கள். அப்போதும் கழன்றால் கிராஸ்தான். மழுங்கியிருப்பது அரை மில்லிமீட்டர் என்றால் பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது, அதில் உங்கள் தவறு ஏதுமில்லை. அப்படியானால் மேல்பூச்சு அடிப்பதற்கு முன்பே எஞ்சினை இறக்கிக் காக்ஸ் டவுனுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் மூடிவிடலாம். நான்கு பல் கிளட்ச் நட் சாவி என்னிடம் இருக்கிறது. புதுக் கிராஸையும் பெட்டிக்கான கேஸ்கெட்டையும் மட்டும் வாங்கி வந்துவிடுங்கள்.